கணிப்பு எங்கே தவறுகிறது? எண்பது பக்கக் கொப்பியில் கண்டுபிடிக்கும் முறை

ஹற்றன் பக்கம் மாலை நேரத்தில் கணித வகுப்பு எடுக்கிறேன். பயிற்சித் தாளை எழுதி முடித்து என்னிடம் தரும் முன், தனக்கு எத்தனை புள்ளி வரும் என்று ஒவ்வொரு பிள்ளையும் மேல் மூலையில் எழுத வேண்டும். முதல் தடவை இதைச் செய்தபோது முன்வாங்கில் இருந்த பிள்ளை 35 என்று போட்டாள். கிடைத்தது 58. ஏன் 35 என்று கேட்டேன். "எங்க வீட்ல யாருக்கும் கணக்கு வராது சேர்" என்றாள். பின்வாங்கில் இருந்த பையன் 75 போட்டிருந்தான். அவனுக்குக் கிடைத்தது 41.

இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. மனதில் தோன்றியதைத்தான் எழுதினார்கள். ஆனால் அதை நம்பித்தான் அவள் உயர்தரத்தில் கணிதப் பிரிவைக் கைவிடுவாள், அவன் பரீட்சைக்கு முந்திய மாதத்தை வீணாக்குவான். தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் மேலே வராததற்கு ஆசிரியர் பற்றாக்குறை, காசு, தூரம் என்று காரணங்கள் உண்டு, எல்லாமே உண்மை. அவற்றோடு இந்தத் தப்புக் கணக்கும் சேர்ந்து வேலை செய்வதை வருடா வருடம் பார்க்கிறேன். இதை எழுத அதுதான் காரணம்.

நம்மையும் உலகத்தையும் நாம் எப்படித் தவறாக மதிப்பிடுகிறோம் என்பதை உளவியலாளர்கள் பல தசாப்தங்களாக ஆராய்ந்து வருகிறார்கள். டேனியல் கானமன், ஏமொஸ் ட்வெர்ஸ்கி இருவரும் 1974இல் 'சயன்ஸ்' இதழில் எழுதிய கட்டுரை இந்தத் துறையைப் பெரிதாக வளர்த்தது. அந்த ஆய்வுகளில் நமக்கு உதவக்கூடியவற்றை எடுத்து, வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு முறையாகத் தருகிறேன். தேவையானது ஒரு எண்பது பக்கக் கொப்பி, ஒரு பேனை, மூன்று மாதம்.

தொடங்கும் முன்: உள்ளே பார்த்தால் தெரியாது

"நான் நேர்மையாக யோசித்தால் என் தவறு எனக்குத் தெரியாதா?" என்று எல்லோரும் கேட்பார்கள். தெரியாது என்பதுதான் ஆய்வுகள் சொல்லும் பதில்.

1977இல் ரிச்சர்ட் நிஸ்பெட், திமொதி வில்சன் இருவரும் ஒரு சோதனையைப் பற்றி எழுதினார்கள். கடையொன்றில் நான்கு சோடி நைலோன் காலுறைகளை வரிசையாக வைத்து, எது தரமானது என்று வாடிக்கையாளர்களிடம் கேட்டார்கள். வலது பக்கக் கடைசியில் இருந்த சோடியைத்தான் அதிகம் பேர் தெரிந்தெடுத்தார்கள். ஏன் என்று கேட்டதும் தானாக முன்வந்து இடத்தைக் காரணமாகச் சொன்னவர் ஒருவரும் இல்லை. உண்மையில் நான்கும் ஒரே காலுறை. தங்களை எது இழுத்தது என்பது அவர்களுக்கே தெரியவில்லை, ஆனால் கேட்டவுடன் காரணம் மட்டும் வந்துவிட்டது.

எமிலி ப்ரோனினும் சக ஆய்வாளர்களும் 2002இல் இன்னொன்றைக் காட்டினார்கள். இப்படி நம்மை அறியாமலே தீர்ப்பை ஒரு பக்கம் இழுக்கும் சாய்வுகளை விளக்கிச் சொன்னால், மற்றவர்களுக்கு அவை நிறைய இருக்கின்றன, எனக்குக் குறைவு என்றே பெரும்பாலானோர் சொல்கிறார்கள். ஆகவே இதை வாசித்துவிட்டு "பக்கத்து வீட்டு அண்ணன் இப்படித்தான்" என்று உங்களுக்குத் தோன்றினால், அது சாதாரணமாக எல்லோருக்கும் தோன்றுவதுதான். கொப்பியை வாங்குங்கள்.

படி 1: நடப்பதற்கு முன் எழுதுங்கள்

மொத்த முறைக்கும் அடித்தளம் இதுதான். ஒரு பக்கத்தில் நான்கு கோடு கீறிக்கொள்ளுங்கள். திகதி, கணிப்பு, எத்தனை வீதம் நிச்சயம், என்ன நடந்தது. கணிப்புக்குக் கீழே ஒரு வரியில் காரணம்.

கணிப்பைப் பின்னால் சரிபார்க்க முடிய வேண்டும். "இந்த முறை நல்லாப் படிப்பேன்" என்பதைச் சரிபார்க்க முடியாது. "வெள்ளிக்கிழமைக்கு முன் திரிகோணகணிதப் பயிற்சி 20ஐயும் செய்து முடிப்பேன், 70 வீதம்" என்பதைச் சரிபார்க்கலாம். சில உதாரணங்கள்: நாளைக் காலை பஸ் 6.45க்கு முன் வரும். இந்தக் கிழமை அம்மா ஒரு நாளாவது, முழு நாள் பேர் போட எடுக்க வேண்டிய அளவைத் தாண்டிக் கொழுந்து எடுப்பார். சீட்டுக் காசு பத்தாம் திகதிக்குள் எல்லோரிடமிருந்தும் வந்து சேரும். தம்பிக்கு அந்த நேர்முகப் பரீட்சைக்கு அழைப்பு வரும்.

ஏன் எழுத வேண்டும், ஞாபகம் வைத்தால் போதாதா? 1972இல் அமெரிக்க ஜனாதிபதி நிக்சன் பீஜிங்குக்கும் மொஸ்கோவுக்கும் போகும் முன், என்னென்ன நடக்க எத்தனை வீதம் வாய்ப்பு என்று பரூக் ஃபிஷொஃப்பும் ரூத் பெய்த்தும் மாணவர்களிடம் எழுதி வாங்கினார்கள். பயணம் முடிந்த பிறகு, நீங்கள் முன்பு என்ன எழுதினீர்கள் என்று நினைவுபடுத்தச் சொன்னார்கள். நடந்துவிட்டவற்றுக்குத் தாங்கள் கொடுத்த வீதத்தை உண்மையில் கொடுத்ததைவிடக் கூட்டியே பலர் நினைவுகூர்ந்தார்கள். "நான் அப்பவே சொன்னேன்" என்று நம் ஊரில் எல்லோரும் சொல்கிறோமே, அதைச் சொல்பவர் பெரும்பாலும் உண்மையாகவே அப்படி நம்புகிறார். ஞாபகம் தானாகவே திருத்தி எழுதிக்கொள்கிறது. பேனை மையை அது திருத்த முடியாது.

படி 2: "அநேகமா" என்ற சொல்லை எண்ணாக மாற்றுங்கள்

அநேகமா, கட்டாயம், இருக்கலாம் என்பவற்றை ஒவ்வொருவரும் ஒவ்வொரு அளவில் புரிந்துகொள்கிறார்கள். 50, 60, 70, 80, 90 ஆகிய ஐந்து எண்கள் மட்டும் போதும். 50 என்றால் பூவா தலையா. 90 என்றால் இப்படிச் சொல்லும் பத்தில் ஒன்பது நடக்க வேண்டும். ஒரு விடயம் நடக்க 30 வீதம்தான் என்று தோன்றினால், "நடக்காது, 70 வீதம்" என்று திருப்பி எழுதிக்கொள்ளுங்கள்.

உங்கள் "90 வீதம்" எவ்வளவு பெறுமதியானது என்று இப்போதே பார்க்கலாம். கீழே பத்துக் கேள்விகள். விடை தெரியாவிட்டாலும் பரவாயில்லை. ஒவ்வொன்றுக்கும் "இதற்கும் இதற்கும் இடையில் இருக்கும்" என்று, விடை உள்ளே விழும் என 90 வீதம் நம்பும் அளவுக்கு அகலமான ஓர் எல்லை எழுதுங்கள்.

பிதுருதலாகல மலை எத்தனை மீற்றர் உயரம்? சிவனொளிபாதமலை எத்தனை மீற்றர்? மகாவலி ஆறு எத்தனை கிலோமீற்றர் நீளம்? லூல்கந்துரையில் தேயிலையைத் தொடங்கிய ஜேம்ஸ் டெய்லர் எந்த ஆண்டு பிறந்தார்? மகாத்மா காந்தி எந்த ஆண்டு இலங்கைக்கு வந்தார்? 1964ஆம் ஆண்டு சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளியினரில் எத்தனை பேரை இந்தியா ஏற்க உடன்பட்டது? எவரெஸ்ட் எத்தனை மீற்றர்? வளர்ந்த மனித உடலில் எத்தனை எலும்புகள்? பூமியிலிருந்து சந்திரன் சராசரியாக எத்தனை கிலோமீற்றர் தூரம்? சூரிய ஒளி பூமிக்கு வர எத்தனை செக்கன்?

எழுதிவிட்டீர்களா? விடைகள் வரிசையாக: 2,524. 2,243. 335. 1835. 1927. 5,25,000. 8,849. 206. 3,84,400. ஏறக்குறைய 500.

ஒன்பது உள்ளே விழுந்திருந்தால் உங்கள் 90 சரியான 90. என் வகுப்பில் பெரும்பாலும் ஐந்தாறுதான் விழும். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஹார்வர்ட் பல்கலைக்கழக வணிக முகாமைத்துவ மாணவர்களிடம் மார்க் அல்பர்ட், ஹோவர்ட் ரைஃபா இருவரும் 98 வீத நிச்சயத்தோடு எல்லை போடச் சொன்னபோது, 2 வீதம் மட்டும் வெளியே விழுந்திருக்க வேண்டும், ஆனால் 40 வீதத்துக்கு மேல் விழுந்தது. விடைகளைக் காட்டித் திருத்திய பிறகு அது ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. பயிற்சி வேலை செய்கிறது, முழுமையாக இல்லாவிட்டாலும்.

படி 3: முதலில் வெளியே பாருங்கள், பிறகு உள்ளே

எத்தனை நாள் எடுக்கும், எவ்வளவு செலவாகும் என்ற கேள்விகளுக்கு இந்தப் படி. 1994இல் ரொஜர் பியூலரும் சக ஆய்வாளர்களும் ஆய்வுக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்த பட்டப்படிப்பு மாணவர்களிடம் எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரிக் கணிப்பு 33.9 நாள். உண்மையில் எடுத்தது 55.5 நாள். எல்லாமே பிழைத்துப்போனால் எத்தனை நாள் என்றும் கேட்டிருந்தார்கள். அதற்குச் சொன்னது 48.6 நாள்தான். மோசமான நிலையென்று அவர்கள் கற்பனை செய்ததும் போதவில்லை.

கானமனுக்கே இது நடந்தது. இஸ்ரேலில் பாடசாலைக்கான ஒரு பாடத்திட்டத்தை அவர் இருந்த குழு எழுதிக்கொண்டிருந்தது. எப்போது முடியும் என்று கேட்டதற்கு, குழுவில் எல்லோரும் ஒன்றரை முதல் இரண்டரை வருடம் என்று எழுதினார்கள். பிறகு குழுவில் இருந்த அனுபவமுள்ள கல்வியாளரிடம், இதே மாதிரி மற்றக் குழுக்கள் எத்தனை வருடம் எடுத்தன என்று கானமன் கேட்டார். கல்வியாளர் யோசித்துவிட்டு, ஏறக்குறைய 40 வீதமான குழுக்கள் முடிக்கவே இல்லை, முடித்தவை ஏழு முதல் பத்து வருடம் எடுத்தன என்றார். அவர்களது வேலை முடிய எட்டு வருடம் ஆனது. கவனியுங்கள், அந்தக் கல்வியாளருக்கு இது முன்பே தெரியும். இருந்தும், தன் கணிப்பை எழுதும்போது அந்த அறிவை அவர் தொடவே இல்லை.

நான் வீட்டோடு ஓர் அறை சேர்த்தபோது மேசன் பாஸ் "ரெண்டு மாசத்துல முடிச்சிரலாம்" என்றார். நானும் தலையாட்டினேன். சீமெந்து மேலே கொண்டுவர லொறி ஏறாத பாதை, ஜூன் மாத மழை, இடையில் திருவிழா என்று ஆறு மாதம் ஆனது. எங்கள் வரிசையில் அதற்கு முன் மூன்று வீட்டில் அறை கட்டியிருந்தார்கள். ஒருவரிடமாவது கேட்டிருக்கலாம்.

செய்ய வேண்டியது இதுதான். உங்கள் திட்டத்தைப் பற்றி யோசிக்கும் முன்பே, இதே வேலையைச் செய்த மூன்று பேரிடம் எத்தனை நாள் எடுத்தது என்று கேட்டுக் கொப்பியில் எழுதுங்கள். அந்த மூன்றின் நடுவில் உள்ளதுதான் உங்கள் தொடக்க எண். "எனக்கு அப்படி ஆகாது" என்று தோன்றினால், ஏன் என்று ஒரு வரி எழுதிய பிறகு மட்டும் கொஞ்சம் குறைக்கலாம்.

படி 4: உங்களை நீங்களே மதிப்பிடும்போது

இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். இணையத்தில் பரவலாகச் சொல்லப்படுவது, மனிதர்கள் எல்லோரும் தங்களை உயர்வாக நினைக்கிறார்கள் என்பது. அது பாதிக் கதை.

1981இல் ஒலா ஸ்வென்சன் வாகன ஓட்டிகளிடம் கேட்டபோது, ஓட்டும் திறமையில் தாங்கள் மேல் பாதியில் இருப்பதாக அமெரிக்கர்களில் 93 வீதமும் சுவீடன்காரர்களில் 69 வீதமும் சொன்னார்கள். 1999இல் ஜஸ்டின் குரூகர், டேவிட் டன்னிங் செய்த சோதனைகளில், கடைசிக் கால்பகுதியில் இருந்தவர்கள் கீழிருந்து எண்ணினால் உண்மையில் நூறு பேரில் 12ஆம் இடத்தளவில் நின்றார்கள், ஆனால் தங்களைக் கீழிருந்து 62ஆம் இடத்தளவில் வைத்தார்கள். இந்த இரண்டாவது முடிவில் எவ்வளவு உண்மை, எவ்வளவு புள்ளிவிபரக் கணக்கின் விளைவு என்று இன்றும் விவாதம் நடக்கிறது. ஆகவே யாரையாவது மட்டம்தட்ட அதைப் பயன்படுத்தாதீர்கள்.

நமக்கு முக்கியமானது அதே ஆண்டு குரூகர் தனியாக எழுதிய ஆய்வு. லேசான வேலை என்றால் மனிதர்கள் தங்களைச் சராசரிக்கு மேலே வைக்கிறார்கள். கடினமான வேலை என்றால் கீழே வைக்கிறார்கள். எனக்குக் கஷ்டமாக இருக்கிறது என்பது மட்டும் தெரியும், பக்கத்தில் இருப்பவனுக்கும் அதே கஷ்டம் என்பது கணக்கில் வராது. இணைந்த கணிதம் எனக்குக் கஷ்டம், ஆகவே கொழும்பில் இருப்பவனுக்கு லேசு. அந்த 35 போட்ட பிள்ளையின் மனதில் ஓடியது இதுதான் என்று நினைக்கிறேன். கஷ்டம் பாடத்தில் இருந்தது, அதை அவள் தன் குடும்பத்தின் மேல் எழுதிக்கொண்டாள்.

இன்னொரு பொறி: வாசித்தது பழகிப்போவதைத் தெரிந்துவிட்டதாக எண்ணுவது. 2006இல் ஹென்றி ரொடிகர், ஜெஃப்ரி கார்ப்பிக் இருவரும் ஒரு பகுதி மாணவர்களைப் பந்தியை நான்கு தடவை வாசிக்க வைத்தார்கள். மற்றவர்கள் ஒரு தடவை வாசித்து, மூன்று தடவை பார்க்காமல் எழுதிப் பார்த்தார்கள். ஒரு கிழமைக்குப் பின் வாசித்தவர்களுக்கு ஞாபகம் இருந்தது 40 வீதம், எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 வீதம். ஆனால் எனக்கு நன்றாக நினைவிருக்கும் என்று முன்கூட்டி அதிகம் நம்பியவர்கள் வாசித்தவர்கள்தான்.

படிக்கும் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும்: கடந்தகால வினாத்தாளை நேரம் வைத்து, புத்தகத்தை மூடிவிட்டு எழுதுங்கள். முடிந்ததும் எதிர்பார்க்கும் புள்ளியை எழுதுங்கள். திருத்திய பின் வித்தியாசத்தை எழுதுங்கள். ஆறு தாள் எழுதினால் ஒரு போக்கு தெரியும். எப்போதும் 20 குறைவாகப் போடுகிறீர்களா, கூடுதலாகவா, அலகுக்கு அலகு மாறுகிறதா? பாடப் பிரிவைத் தெரிவுசெய்யும் படிவத்தை நிரப்பும்போது அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நிரப்புங்கள். "நமக்கு இது வராது" என்று வீட்டில் பெரியவர்கள் சொல்லும்போதும் அந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.

படி 5: வீட்டில் இரண்டு பேர், இரண்டு துண்டுக் காகிதம்

மைக்கல் ரொஸ், ஃபியோரே சிக்கோலி இருவரும் 1979இல் கணவன் மனைவியிடம் தனித்தனியாக, வீட்டு வேலைகளில் உங்கள் பங்கு எவ்வளவு என்று கேட்டார்கள். கூட்டிப் பார்த்தால் பெரும்பாலும் முழுமையைத் தாண்டியது. நாம் செய்தது நமக்கு ஞாபகம் வரும், மற்றவர் செய்தது நாம் பார்க்காத நேரத்தில் நடந்திருக்கும்.

நானும் மனைவியும் இதைச் செய்தோம். என் பங்கு 45 என்று எழுதினேன். அவள் தன் பங்கு 80 என்று எழுதியிருந்தாள். அடுத்த ஏழு நாள் கொப்பியில் யார் என்ன செய்தோம் என்று குறித்தோம். காலை நான்கரை மணிக்கு அடுப்பு மூட்டுவது, தண்ணீர் பிடிப்பது எல்லாம் நான் எழும்ப முன்னரே முடிந்திருந்தது. என் 45 எங்கிருந்து வந்தது என்று எனக்கே விளங்கவில்லை. காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போய் மலையில் நாள் முழுதும் நின்று, வந்து மறுபடி அடுப்படிக்குப் போகும் பெண்கள் உள்ள ஒவ்வொரு வீட்டிலும் இந்த ஏழு நாள் கணக்கை எடுத்துப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

படி 6: எதிர்ப்பக்கத்துக்கு ஒரு வரி

பெரிய முடிவுகளுக்கு மட்டும் இது. வேலைக்கு மத்திய கிழக்குக்குப் போவது, கடன் எடுப்பது, காணி வாங்குவது போன்றவை. 1984இல் சார்ள்ஸ் லோர்ட் குழுவினர் காட்டியது: "நடுநிலையாக யோசியுங்கள்" என்று சொன்னால் பயன் இல்லை. "முடிவு இதற்கு எதிராக வந்திருந்தால் என்ன நினைத்திருப்பீர்கள்?" என்று கேட்டால் பயன் இருந்தது. ஆகவே காரணம் எழுதிய வரிக்குக் கீழே, "இது பிழைத்தால் எதனால் பிழைத்திருக்கும்?" என்று எழுதி இரண்டு காரணம் போடுங்கள். பிறகு வீதத்தைத் திரும்பப் பாருங்கள். பெரும்பாலும் பத்துக் குறையும்.

படி 7: கொப்பி உதவாத இடம்

இதை வாசிக்காமல் விடாதீர்கள். கொப்பி, அடிக்கடி நடக்கும் விடயங்களுக்கு மட்டும். வாழ்நாளில் ஒரு தடவை வரும் ஆபத்துக்கு, பிழைவிட்டுக் கற்றுக்கொள்ள அடுத்த தடவை கிடையாது.

கண்ணில் படுவதும் கேள்விப்படுவதுமே நம் ஆபத்துக் கணக்கை எழுதுகின்றன. சாரா லிக்டென்ஸ்டைனும் சகாக்களும் 1978இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்காவில் எல்லா விபத்துகளையும் சேர்த்தாலும் பாரிசவாதத்தால் இறப்பவர்கள் ஏறக்குறைய இரண்டு மடங்கு என்றிருந்த காலத்தில், விபத்துச் சாவே அதிகம் என்று 80 வீதமானோர் சொன்னார்கள். விபத்து செய்தியில் வருகிறது. சிறுத்தைக்குப் பயப்படும் நாம் இரத்த அழுத்தம் பார்க்கக் கிளினிக் போகாமல் இருப்பதும் அதனால்தான்.

மண்சரிவில் இது மறுபக்கமாக வேலை செய்கிறது. "இருபது வருசமா இந்த மலை அப்படியேதான் இருக்கு" என்கிறோம். ரொபின் டிலன், கத்தரின் டின்ஸ்லி இருவரும் 2008இல் காட்டியது போல, அதிர்ஷ்டத்தால் மட்டும் தப்பிய திட்டத்தையும் மனிதர்கள் வெற்றியாகவே எண்ணிக்கொள்கிறார்கள். மழை பெய்தும் சரியாத ஒவ்வொரு வருடமும் நம் பயத்தைக் கொஞ்சம் கரைக்கிறது, ஆனால் மண்ணில் நீர் ஊறுவது அதனால் குறைவதில்லை. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் தோட்டத் தொழிலாளரின் லயன் வீடுகள் மண்ணுக்குள் போனதை நாம் யாரும் மறக்கவில்லை.

இங்கே வீதம் போடாதீர்கள். விதி எழுதுங்கள், வானம் வெளித்திருக்கும் நாளில், நிதானமாக. கொப்பியின் கடைசிப் பக்கத்தில்: தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் நம் பிரதேசத்துக்குச் சிவப்பு மண்சரிவு எச்சரிக்கை விடுத்தால் உடனே வெளியேறுவோம். சுவரிலோ நிலத்திலோ புது வெடிப்பு, சாயும் மரம், திறக்க முடியாமல் இறுகும் கதவு, திடீரெனக் கலங்கி வரும் அல்லது நின்றுபோகும் ஊற்று, இவற்றில் ஒன்றைக் கண்டால் எச்சரிக்கை வரும்வரை காத்திருக்க மாட்டோம். எங்கே போவது, பாட்டியை யார் தூக்குவது, அடையாள அட்டையும் மருந்தும் எந்தப் பையில் என்பதையும் எழுதுங்கள். இரவு இரண்டு மணிக்கு மழையில் நின்று யோசிக்கும்போது "பொழுது விடியட்டும்" என்றுதான் மனம் சொல்லும்.

படி 8: மூன்று மாதத்தில் எண்ணுங்கள்

ஐம்பது கணிப்பாவது சேர்ந்த பிறகு, 60 போட்டவை, 70 போட்டவை என்று பிரித்து, ஒவ்வொன்றிலும் எத்தனை நடந்தது என்று எண்ணுங்கள். 80 போட்ட பதினைந்தில் ஒன்பதுதான் நடந்திருந்தால், உங்கள் 80 உண்மையில் 60. அடுத்த மாதம் 80 என்று தோன்றும்போது 60 அல்லது 70 போடுங்கள்.

ஒரே எண்ணாக வேண்டுமென்றால், வானிலை ஆய்வாளர் கிளென் பிரையர் 1950இல் தந்த வழி இருக்கிறது. 80 வீதத்தை 0.8 என்று எழுதுங்கள். நடந்தால் 1, நடக்காவிட்டால் 0. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அந்த வித்தியாசத்தாலேயே பெருக்குங்கள். நடந்திருந்தால் 0.2ஐ 0.2ஆல் பெருக்க 0.04. நடக்காவிட்டால் 0.8ஐ 0.8ஆல் பெருக்க 0.64. எல்லாவற்றுக்கும் சராசரி எடுங்கள். எல்லாக் கேள்விக்கும் 50 என்று போட்டாலே 0.25 கிடைக்கும். அதைவிடக் குறைவாக வந்தால் உங்கள் கணிப்பில் பெறுமதி இருக்கிறது.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். நான் சொன்ன ஆய்வுகளில் பெரும்பாலானவை வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும், அதிலும் பல பல்கலைக்கழக மாணவர்களிடம் செய்யப்பட்டவை. தங்களை உயர்த்தி நினைக்கும் பழக்கம் ஜப்பானியர்களிடம் குறைவாகத் தெரிவதாக ஸ்டீவன் ஹைனும் சகாக்களும் காட்டியிருக்கிறார்கள். டிக்கோயாவில் இருக்கும் உங்களுக்கு எந்தப் பக்கம் சாய்வு என்பதை அந்த அமெரிக்க வாகன ஓட்டிகளின் 93 வீதம் என்ற எண் சொல்லாது. உங்கள் கொப்பிதான் சொல்லும்.

தனியாகச் செய்தால் மூன்றாவது கிழமையில் விட்டுவிடுவீர்கள். ஒரு கூட்டாளியைப் பிடித்து, ஞாயிறு தோறும் கொப்பியை மாற்றிக்கொள்ளுங்கள். என் வகுப்பில் இப்போது இரண்டிரண்டு பேராக அப்படிச் செய்கிறார்கள். 35 போட்ட பிள்ளை போன மாதத் தாளில் 61 என்று எழுதியிருந்தாள். கிடைத்தது 64.